பிசியோ தம்பியின் கடிகாரம்

நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் அவர் ஐந்தேகாலுக்கு வருவார். சரி, ஐந்துக்கே வாருங்கள் என்றால் ஆறரை ஆகும். போன் செய்தால் எடுத்தவுடன் ஒரே பதில்தான்: "பாலத்துல இருக்கேன், இதோ வந்துட்டேன்." ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குள் வருகிறவர் காவிரிப் பாலத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அதனால் அந்தப் பதிலை யாரும் மறுக்க முடியாது. என்ன, அவர் பாலத்தில் இருப்பதாகச் சொல்லும்போது பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். ஒருமுறை யாரோ அவரிடம், "ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது.

புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு பிசியோதெரபி செய்தவர் அவர். அம்மா அவரை "பிசியோ தம்பி" என்றாள். அதுவே எங்கள் எல்லோருக்கும் அவர் பெயராகிவிட்டது. முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, முதுகில் பை, கையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டை வாரம் ஒருமுறையாவது யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வருவார்.

அவர் வந்து சேர்ந்த இடம்தான் வேடிக்கை. அப்பா போக்குவரத்துத் துறையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டின் ஓரத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வேலை. டிரைவர்கள் யாராவது தாமதத்துக்குக் காரணம் சொல்ல வாயைத் திறந்தால், "காரணம் வேணாம், டைம் சொல்லு" என்பார். வீட்டிலும் அதே கதைதான். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் ஒரு மணிக்குத் தட்டின் முன்னால் இருப்பார். சாதம் வரவில்லையென்றால் கோபப்பட மாட்டார், வாட்சைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை என்பாள் அம்மா.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு நடந்தது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாக்கு குழறியது. வார்த்தைகள் மனதில் இருந்தன, வாய்க்கு வர நேரம் பிடித்தது. ஒருநாள் ஃபேன் ஓடவில்லை என்று எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு அவரே போன் செய்தார். அந்தப் பக்கம் எடுத்த ஆள், "என்னங்க, பகல்லயே போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அப்பா போனை மெதுவாக மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு வெளியாட்கள் யாரிடமும் அவர் பேசவில்லை. காலிங் பெல் அடித்தால் உள்ளே எழுந்து போய்விடுவார்.

பிசியோ தம்பி முதல் நாளே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். உள்ளே வந்தவரைப் பார்த்து அப்பா இடது கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"ஆமா சார், ரொம்ப லேட்டாயிடுச்சு. உறையூர்ல ஒரு அம்மாவுக்குத் தோள் வலி. அவங்க பொண்ணு கல்யாண ஆல்பத்தை எடுத்துட்டாங்க. ஒவ்வொரு போட்டோவுலயும் யார் யாருன்னு சொல்லிட்டே வந்தாங்களா..."

"கா...ரணம் வே...ணாம்" என்றார் அப்பா.

பிசியோ தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, சார் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசிட்டார், கேட்டீங்களா?" என்றார். அப்பாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

வரும் நேரம்தான் இப்படி என்றால் போகும் நேரம் அதைவிட மோசம். முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுக்க வந்தவர் விளக்கேற்றும் வரை இருப்பார். அம்மா மாடியில் காயப்போட்ட வடகத்தைப் பற்றிக் கேட்பார். அப்பா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் வார்த்தைக்குத் தவித்தால், நாங்கள் எல்லோரும் பொறுமையில்லாமல் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பிசியோ தம்பி மட்டும் கொடுக்க மாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு வேலையே இல்லாதவர் போலக் காத்திருப்பார். அந்த நேரத்தில் இன்னொரு வீட்டில் இன்னொருவர் அவருக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்குத்தான் அது நினைவில் இருக்காது.

கைப்பயிற்சிக்கு ஒரு மெத்தென்ற ரப்பர் பந்து கொடுத்திருந்தார். அதைப் பிடித்து அமுக்க வேண்டும். அப்பா இரண்டு நாள் அமுக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். எடுத்துக் கொடுத்தால் மறுபடி உருட்டினார். மரச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னபோது, "நா...ன் என்ன எ...ல்.கே.ஜி.யா?" என்று கேட்டார். கை அப்படியே இருந்தது.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கூடத்தில்தான் என் மேஜையும் கம்ப்யூட்டரும். சென்னையில் இருக்கும் என் தம்பியும் நானும் அப்போது ஓர் ஆன்லைன் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கோட்டைக்குள் போய், உள்ளே இருக்கும் அரக்கனை வீழ்த்த வேண்டும். ஒரு மாலை வேலை முடிந்து அதைத் திறந்தேன். பின்னால் அப்பாவின் தோளை நீவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"நீங்களும் இதுல இருக்கீங்களா? எந்த சர்வர்?"

அதே சர்வர். அவருக்கென்று ஒரு குழுவே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் எழுந்து மெல்ல நடந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். திரையில் வாள், நெருப்பு, சிறகு முளைத்த குதிரை எல்லாம் இருந்தன. அப்பா அவற்றில் எதையும் பார்க்கவில்லை. கீழ் மூலையில் பொடி எழுத்தில் தெரிந்த மணியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"த...ப்பு" என்றார்.

"அது சர்வர் டைம் சார். அந்தக் கம்ப்யூட்டர் வேற நாட்டுல இருக்கு, அந்த ஊர் மணியைக் காட்டுது."

"மா...த்து."

"மாத்தலாம். ஆனா நீங்கதான் மாத்தணும்." என் கையிலிருந்த மவுஸை வாங்கி அப்பாவின் வலது கைக்குள் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அதன்மேல் படிய வைத்தார்.

இந்த விளையாட்டின் திரையை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள ஆட்-ஆன் என்று ஒன்று உண்டு. விளையாட்டோடு கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் ஒரு சின்ன புரோகிராம். அதில் கடிகாரத்துக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. சர்வர் நேரமா, நம்மூர் நேரமா. பன்னிரண்டு மணிக் கணக்கா, இருபத்துநாலா. எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், திரையில் எந்த இடம் என்று எல்லாவற்றையும் மாற்றலாம். நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அப்பா அதைத் திறந்தபின் மூடவில்லை.

நம்மூர் நேரம் என்பதற்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கட்டத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தவே அன்று அரை மணி நேரம் ஆயிற்று. கை நடுங்கி விலகும். மறுபடி வரும். பிசியோ தம்பி தொடவில்லை. கடைசியில் கட்டத்தில் டிக் விழுந்து மணி சரியானபோது, அப்பா சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அன்று அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அடுத்தடுத்த வாரங்கள் முழுக்கக் கடிகாரம்தான். இடம் பிடிக்கவில்லை, மேலே நடுவில் வர வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும். விரல் தளர்ந்தால் விட்ட இடத்திலேயே விழுந்துவிடும். ஒருநாள் பாதி வழியில் விரல் நழுவி, கடிகாரம் அரக்கனின் மூக்குமேல் போய் உட்கார்ந்தது. பிசியோ தம்பி அதைப் பார்த்து, "சார், இப்ப இவருக்கும் டைம் தெரியும்" என்றார். அப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் மேலே போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அம்மா கரண்டியோடு ஓடி வந்து, என்ன என்ன என்று கேட்டாள். நான் திரையைக் காட்டினேன்.

நிறம் பஸ் ஸ்டாண்டில் இருந்த பெரிய கடிகாரம் போல சிவப்பு எண்ணாக வேண்டும் என்றார். கிடைத்த சிவப்புகளில் எதுவும் அந்தச் சிவப்பு இல்லை. நிறம் கலப்பதற்கென்று திரையில் இருந்த மூன்று பட்டைகளை இழுத்து இழுத்துக் கலந்து அவரே அதைக் கொண்டுவந்தார். அப்புறம் வினாடி வேண்டும் என்றார். அந்த ஆட்-ஆனில் வினாடி காட்டும் வசதியே இல்லை. பிசியோ தம்பி அதன் ஃபைலைத் திறந்து, என்னென்னவோ தேடி, இரண்டு வரி சேர்த்தார். விளையாட்டே திறக்கவில்லை. அழித்தார், மறுபடி எழுதினார். அதற்குள் அம்மா அடை வார்த்துவிட்டாள். ஒரு கையில் அடைத் தட்டோடு அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அவருடைய அம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில்தான் போட்டார்.

"ஏண்டா, ஆத்துக்கு எப்போ வரப் போறே? நாழியாறது."

"பாலத்துல இருக்கேம்மா."

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. "பாலத்துல யார்டா சிரிக்கறது?" என்றது குரல். "பெருமாளே புறப்பாடுன்னா சொன்ன நேரத்துக்கு வீதிக்கு எழுந்தருளிடறார். உனக்கு என்னடா?"

வினாடி ஓட ஆரம்பித்த அன்று அப்பா வேறொன்றும் செய்யவில்லை. சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசியோ தம்பி இவ்வளவு மோசமாகத் தாமதிப்பதற்கு இந்த விளையாட்டும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்று உட்காருவாராம். விளையாட்டு திரை முழுவதையும் மூடிவிடும். கண்ணில் படுவது அதற்குள் இருக்கும் கடிகாரம் மட்டும்தான். "அதை வேகமா வச்சுக்கிட்டும் பார்த்தேன் சார். பதினஞ்சு நிமிஷம் முன்னாடி. ஆனா வச்சது நான்தானே? கழிச்சுக்கிட்டே உக்காந்துடறேன்." ஒருநாள் தன் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "எத்தனை நிமிஷம்னு நீங்க வைங்க. எங்கிட்ட சொல்லாதீங்க."

கடிகாரத்தில் கூட்ட வேண்டிய நிமிடத்தை எழுதும் வரியை அப்பாவுக்குக் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அப்பா வலது ஆள்காட்டி விரலால் எண்ணை அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அறுபதைத் தாண்டிய அவர் கண்ணடித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரம் பிசியோ தம்பி ஏறக்குறைய சரியான நேரத்துக்கு வந்தார். அடுத்த வாரம், "சார் இருபதுதான் வச்சிருப்பார்" என்று தானே முடிவு செய்து கழிக்க ஆரம்பித்தார். அப்பா விடவில்லை. ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை வாங்கி எண்ணை மாற்றினார். ஒருமுறை ஒன்றுமே கூட்டாமல் சரியான மணியையே வைத்து அனுப்பிவிட்டார். அன்று பிசியோ தம்பி மனதுக்குள் அரை மணி நேரம் கழித்துக்கொண்டு, வழக்கத்தைவிடத் தாமதமாக, மூச்சிரைக்க வந்து நின்றார். "இது அநியாயம் சார்" என்றார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாசலில் அவர் வண்டியை எடுக்கும்போது கேட்டேன். "வேணும்னேதான் லேட்டா வரீங்களா? அப்பாவைக் கோபப்பட வச்சுப் பேச வைக்கறதுக்கு?"

அவர் கூச்சப்பட்டார். "அவ்வளவு புத்தி இருந்தா நான் எங்கயோ போயிருப்பேங்க. நெஜமாவே எனக்கு வராது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தர் பேசிட்டு இருக்கறப்போ எப்படி எந்திரிக்கறதுன்னு எனக்குத் தெரியல. எல்லாரும் எப்படியோ எந்திரிச்சுடறாங்க." சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஹெல்மெட் எங்கள் ஷூ ரேக்மேல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை அவர் குழுவும் நாங்களும் சேர்ந்து ஒரு பெரிய அரக்கனோடு மோதுவதாக ஏற்பாடு. பல வாரங்களாக எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவன். அவன் நெருப்பை ஊதும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும்; நெருப்பு நின்றதும் ஒன்றாக வெளியே வர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மைக்கில் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். அது பிசியோ தம்பியின் வேலை. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் ஒருவர், பெங்களூரில் ஒரு கணவன் மனைவி, சென்னையில் என் தம்பி, இன்னும் இருவர் என எல்லோரும் வந்தாயிற்று. அவர் வரவில்லை.

போன் செய்தேன். "பாலத்துல இருக்கேன்" என்றார். இந்த முறை பின்னால் ஹாரன் சத்தமும் ஜனங்களின் இரைச்சலும் கேட்டன. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் பாலமே அடைத்துக்கொண்டிருந்தது. "நெஜமாவே பாலத்துலதாங்க. வண்டி நகரல. சாரைக் குரல் கொடுக்கச் சொல்லுங்க. அவர் இத்தனை நாளா பார்த்துட்டுதானே இருக்கார்?"

அப்பா தலையை ஆட்டினார். முடியாது என்றார். மைக்கை நான் அணைத்ததைப் பார்த்துக்கொண்டபின், "கு...டிச்சிருக்கான்னு சொ...ல்வாங்க" என்றார்.

அந்த எலெக்ட்ரீஷியன் சொன்னதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மஸ்கட்காரர், தனக்கு டியூட்டி நேரம் நெருங்குகிறது, இன்று விட்டால் அடுத்த மாதம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மேலே நடுவில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எண்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

முதல் ஆட்டத்தில் குரல் பிந்திவிட்டது. சொல் வாயைவிட்டு வருவதற்குள் நெருப்பு வந்துவிட்டது. மூன்று பேர் செத்தார்கள். மைக்கில் யாரோ, "பரவால்ல சார், இன்னொரு தடவை" என்றார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உதட்டை அசைத்து அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார், கண் வினாடியின்மேல் இருந்தது. தன் நாக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கிறார் என எனக்குப் புரிந்தது.

அடுத்த ஆட்டத்தில் அந்த அளவு முன்னதாகவே ஆரம்பித்தார். "ஹோ...ல்டான்." எல்லோரும் தூணுக்குப் பின்னால். நெருப்பு வந்து போனது. "ரை...ட்." எல்லோரும் வெளியே. நாற்பது வருடமாக எந்த டிரைவரும் மீறாத குரல். மறுபடி ஹோல்டான், மறுபடி ரைட். யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் போகாத தமிழன் யார்? கடைசியில் அரக்கன் சாய்ந்தபோது ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சத்தம் அடங்கியதும் மஸ்கட்காரர் கேட்டார். "அண்ணே, நீங்க பஸ்ல இருந்தீங்களாண்ணே?"

"டை...ம் கீப்பர்."

"அதானே பார்த்தேன். அடுத்த தடவையும் நீங்களே கொடுங்கண்ணே."

வேறு யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. அப்பா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். பிசியோ தம்பி வந்தபோது நாங்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்று, "ஜெயிச்சாச்சா?" என்றார். அப்பா பக்கத்து நாற்காலியைக் காட்டி, "தண்...ணி எவ்வளவு போ...குது?" என்று கேட்டார். அவர் ஆற்றை விவரித்து முடிக்கும் வரை இருவரும் சாப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில், இனி நான் வர வேண்டியதில்லை சார், கை நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார். சொன்ன பிறகும் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். பிறகு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நியூசிலாந்து. அங்கே எல்லாம் மணிப்படி நடக்குமே, எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று அம்மா கவலைப்பட்டாள். இன்று வரை தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் நோயாளிகள் அவரை விடுவதில்லையாம். ஆஸ்பத்திரியே இப்போது அவருக்கு மட்டும் இரண்டு பேருக்கு நடுவில் இடைவெளி விட்டு நேரம் கொடுக்கிறதாம்.

அவர் நியூசிலாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் தானே டிக்கெட் கேட்டு வாங்கி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, உத்திர வீதியில் வழியில் போகிறவர்களை நிறுத்தி விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கே போனால் பிசியோ தம்பி இல்லை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரப் போனவர் எந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று அவருடைய அம்மா அலுத்துக்கொண்டாராம்.

இங்கே ஒரு மணி ஆயிற்று. அம்மா தட்டு வைத்தாள். இரண்டாயிற்று. அப்பா சாப்பாட்டுக்குத் தாமதித்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அப்பாவின் போனுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் வண்டிச் சாவியை எடுத்தபோது மூன்றரை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா ஒரு கையில் கேட்டிலேயே கழற்றிய செருப்பையும் மறு கையில் இலையில் கட்டிய அக்காரவடிசிலையும் வைத்துக்கொண்டு நின்றார். வலது கையில்தான் அந்தப் பொட்டலம்.

"எங்க போயிட்டீங்க? மணி என்ன ஆகுது தெரியுமா?" என்றாள் அம்மா.

அப்பா பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். செருப்பை ஓரமாக விட்டார். வாட்சைப் பார்க்கவில்லை.

"அந்த அம்மா பே...சிட்டு இருந்தாங்க" என்றார். "நானும் பேசிட்டு இருந்தேன்."